பெரும் பூட்டு அகன்ற கதை

இன்று வழக்கொழிந்த பெயரொன்று அனலைதீவுக்கு உண்டு. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ட் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. முன்னது இன்றும் வழங்குகிறது. பின்னது ஏட்டளவில் நின்றுவிட்டது. அந்த ஒல்லாந்து ரொட்டர்டாமிலே 1930இல் பிறந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்திரா. கணினியினுள் இருவேறு செயல்கள் ஒரே தரவை ஒருங்கே திருத்தினால் அது சிதைந்துவிடும். ஆதலின், ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை அவர் 1960களின் முற்பகுதியில் வகுத்து, 'செமபோர்' என்று பெயரிட்டார். புகைவண்டிப் பாதையிலுள்ள கைகாட்டியின் பெயரே அது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பின்லாந்தில் தொடங்கிய லினக்ஸ், 1996இல் வந்த 2.0ஆம் பதிப்பில், பல செயலிகளையுடைய கணினிகளிலும் இயங்கலாயிற்று. அலன் கொக்ஸ் அதற்குப் பெரிதும் உழைத்தவர். ஆயின் கர்னல் எனப்படும் அதன் உட்கரு முழுவதற்கும் பூட்டு ஒன்றே.

அனலைதீவுத் தோட்டக் கிணறுகள் அனைத்துக்கும் ஒரே திறப்பு இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவர் புகையிலைக்கு நீர் இறைத்து முடிக்கும்வரை, தீவின் மறுகரையிலுள்ளவர் தம் கிணற்றருகே கைகட்டி நிற்கவேண்டும். இதனை மடமை என்று தள்ளிவிடலாகாது. செயலிகள் இரண்டொன்றே இருந்த நாளில் அது பிழை நேராத தொடக்கம். செயலிகள் பெருகியபோதுதான் காத்திருப்பும் பெருகிற்று.

1999இல் வந்த 2.2, 2001இல் வந்த 2.4 ஆகிய பதிப்புகளில் கிணற்றுக்கொரு திறப்பு என்னும் முறை வளர்ந்தது. அதிலும் ஓர் இடர் உண்டு. ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளிக்கும், மற்றவர் வாளியைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கும் காத்திருந்தால் இருவருக்கும் நீரில்லை. எவரும் கயிற்றையே முதலில் எடுக்கவேண்டும் என்பது போன்ற ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு மீறப்படுவதைக் கண்டுபிடிக்கும் கருவியை இங்கோ மோல்னார் 2006இல் சேர்த்தார்.

எனினும் பெரும் பூட்டு முற்றாக அகலவில்லை. அது எதைக் காக்கிறது என்று எவரும் எழுதிவைக்காததே காரணம். பூட்டை வைத்திருப்பவரே அதனை மீண்டும் பூட்டலாம். அவர் உறங்கினால் அது தானே விடுபடும். ரைசர் என்னும் கோப்புமுறை இவ்விரு குணங்களையும் நம்பியே எழுதப்பட்டிருந்தது. அதனைப் பிரெடரிக் வைஸ்பெக்கர் 2009ஆம் ஆண்டளவில் பெரும்பாடுபட்டு விடுவித்தார். 2008இல் நிகழ்ந்ததோ வேறொரு சங்கடம். பெரும் பூட்டு அப்போது செமபோரின்மேல் அமைந்திருந்தது. அந்தச் செமபோரை எளிமையாக்கியதும் ஒரு சோதனையில் வேகம் நூற்றுக்கு 40 அளவிற் சரிந்தது. டோர்வால்ட்ஸ் பூட்டைப் பழைய வடிவுக்கே திருப்பினார். அதன் பின்னரே பலரும் அதனை வேரோடு களைய முனைந்தனர்.

எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்தவர் ஆர்ண்ட் பெர்க்மன். 2011 மே மாதம் வெளிவந்த 2.6.39ஆம் பதிப்பில் பெரும் பூட்டு இல்லை. திருத்துவதற்கு ஆளில்லாத சில பழைய நிரல்களும் அக்காலத்திலே அப்பூட்டுடன் சேர்ந்தே மறைந்தன.