பத்து காஜாவில் பெயர் உண்டு, தோட்டத்து மேட்டில் இல்லை: பேராக்கில் இடுகாடுகளைக் காக்கும் பணி

தீபாவளிக்கு முந்திய நாட்களில் பேராக்கின் இந்து மயானங்களில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட், கம்பார் வட்டாரங்களிலும் மண்வெட்டி, பாராங், சுண்ணாம்பு வாளியோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். புல்லை வெட்டி, சமாதிக்கு வெள்ளையடித்து, இறந்தவருக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டில் ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் ஆற்றங்கரை, கடற்கரை தேடிப் போகும் கூட்டத்தைப் பார்க்கலாம். மலேசியாவில் அந்த நினைவில் ஒரு பங்கு தீபாவளியோடு சேர்ந்து சமாதிக்கே வந்துவிட்டது. கத்தோலிக்கத் தமிழர்களுக்கு நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள்.

பிள்ளைகள் வருகிற சமாதிக்குக் கவலையில்லை. பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போய்விட்ட சமாதிகளும், யாருடையது என்றே தெரியாத மண் மேடுகளும்தான் பிரச்சினை. ஆலய நிர்வாகத்தினர், இளைஞர் இயக்கங்கள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் என்று யாராவது கோத்தோங் ரோயோங் செய்தால்தான் இவற்றைச் சுற்றியுள்ள லாலாங் குறையும். ஊதியம் இல்லாத வேலை. அடுத்த மழைக்கே புல் மீண்டும் வளர்ந்துவிடும்.

பத்து காஜாவின் பாடம்

பத்து காஜாவில் ஆங்கிலிகன் தேவாலயமான ஹோலி டிரினிட்டியைச் சேர்ந்த பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்', அதாவது கடவுளின் சிறு நிலம், என்பது அதன் பெயர். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்கு அருகே எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் எலிசன், இயன் கிறிஸ்டியன் ஆகிய இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்த மூன்று துரைமார்களும் அவசரகாலத்தில் மாண்ட வேறு தோட்டக்காரர்களும் படைவீரர்களும் அடங்கியுள்ள இடம் இது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இங்கு மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். கடல் கடந்து வரும் உறவினர்களும் முன்னாள் வீரர்களும் இதில் கலந்துகொள்வதுண்டு.

இங்கு அடங்கியவர்களின் விவரங்களைத் திரட்டி அதே பெயரில் நூலாக எழுதியவர் ஒரு தமிழர்: ஆர். தம்பிப்பிள்ளை. கல்லில் உள்ள பெயரைப் படிப்பதோடு நிற்காமல், அவர் யார், எந்தத் தோட்டம், எப்படி இறந்தார் என்று தேடிச் சேர்த்ததால்தான் அந்த இடத்துக்கு இன்றும் ஆள் வருகிறது. கல் இருந்தது, பெயருக்குப் பின்னால் இருந்த கதையை ஒருவர் ஏட்டில் ஏற்றினார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

அவசரகாலத்தில் மாண்ட பொதுமக்கள் 2,400 பேருக்கும் மேல். அவர்களில் தோட்டத் தொழிலாளரும் உண்டு. எல்பிலில் தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி மாண்டவர்களின் பெயர்களை அதுபோல் ஒரே நூலில் புரட்டிப் பார்க்க முடியாது.

ஈப்போவில் செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையும் வருகையாளர் தேடும் இடம். ஜப்பானியர் காலத்தில் பாப்பானில் காயம்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் பார்த்துச் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு 1948 ஜூன் 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் இறந்தார். சுங்கை சிப்புட் கொலைகளுக்கு நான்கே நாள் முன்பு. 1949-இல் அவரது உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

தைப்பிங்கில் நிலைமை வேறு. புக்கிட் லாருட் செல்லும் சாலையில் உள்ள போர் வீரர் மயானத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. 864 வீரர்கள் அங்கு உள்ளார்கள். அவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் அடையாளம் தெரியாதவர்கள். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்துவர்கள், மறுபக்கம் இந்தியப் படையைச் சேர்ந்த இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரர்கள். பதவி எதுவானாலும் கல் ஒரே அளவு. பெயர் தெரிந்தால் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போகலாம். தாத்தாவின் சமாதியைத் தேடி ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

தோட்டத்து மேடு

தோட்டத்தில் லயமும் கோயிலும் ஆயக்கொட்டகையும் இருந்ததுபோல் இடுகாடும் இருந்தது. பெரும்பாலும் மேட்டு நிலத்திலோ ஆற்றோரத்திலோ, மரம் நட உதவாத மூலை. கங்காணியோடு கப்பலில் வந்தவர்களும், மலேரியாவில் போனவர்களும், பிரசவத்தில் போன பெண்களும் அங்குதான் அடங்கினார்கள். காசுள்ளவர் செங்கல் கட்டிச் சிமெண்டு பூசினார். மற்றவர்களுக்கு மண் மேடும் ஒரு கட்டையும்தான். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய பெயர், கீறியவரின் கைவாகோடு இன்னும் சில இடங்களில் படிக்கக் கிடைக்கிறது.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது தொழிலாளர்களின் வீடும் வேலையும் ஆட்டம் கண்டன. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய தோட்டங்கள் தப்பின, மற்றவை கைமாறின. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் பட்டணம் போனார்கள். செம்பனை வரிசை ஓரிடத்தில் திடீரென்று விட்டுப்போய், நடுவில் ஒரு கம்போஜா மரம் மட்டும் பூத்து நின்றால், அங்கு இடுகாடு இருந்திருக்கலாம்.

கோயிலை உடைக்க வந்தால் ஊரே கூடும். இடுகாட்டுக்கு அப்படிக் கூடுவது அரிது. காரணம், அது இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. தோட்டத்து இடுகாடு பெரும்பாலும் நிறுவனத்தின் நிலப்பட்டாவுக்குள் அடங்கிய ஒரு மூலை. நிலம் விற்கப்படும்போது புதிய உரிமையாளர் கையில் இருக்கும் தாளில் சமாதிகள் இருக்காது. ஆகவே புல் வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: லோட் எண்ணைக் கண்டுபிடித்து, மாவட்ட நில அலுவலகத்தில் அந்த நிலம் யார் பெயரில் உள்ளது என்று தேடிப் பார்ப்பது. அரசு நிலமாக இருந்தால், 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி பொதுக் காரியத்துக்கான ஒதுக்கீட்டு நிலமாக மாநில அரசு அரசிதழில் அறிவிக்க முடியும். அதற்கு மனுப் போடலாம். தனியார் நிலமென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்மொழியாக மானேஜர் தந்த சம்மதம் அவர் மாறியதும் போய்விடும். சமாதியைத் தோண்டுவது, எலும்பை எடுத்து வேறிடத்தில் வைப்பது போன்றவற்றுக்கு அதிகாரிகளின் அனுமதி கட்டாயம். நல்லெண்ணத்தில் செய்தாலும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது.

கத்தியை எடுப்பதற்கு முன்

துப்புரவு வேலையில் கெடுதல் செய்வது பெரும்பாலும் ஆர்வக் கோளாறுதான். மருந்தடித்து லாலாங்கைக் கொன்றால் மண் மொட்டையாகி, மழையில் மேடு கரைந்து ஓடும். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தோட்டத்தில் மருந்தடித்த பெண்களின் நகத்தையும் மூச்சையும் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுவதே நல்லது. மேட்டுக்கு மிக அருகில் புல் வெட்டும் இயந்திரம் வேண்டாம், தெறிக்கும் கல் எழுத்தை உடைக்கும், அங்கு கைக்கத்திதான். முழங்கால் வரை பூட்ஸ் போடுவது பாம்புக்காக மட்டுமல்ல, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலுக்காகவும்தான்.

எழுத்துள்ள கல்லை ஆசிட், குளோரின், கம்பி பிரஷ் கொண்டு தேய்க்கக்கூடாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மங்கிய எழுத்தைப் படிக்கக் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் நிழல் விட்டு எழும். வெள்ளையடிப்பதற்கு முன் கட்டாயம் படமெடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு பூசும் சுண்ணாம்பு எழுத்தின் பள்ளத்தை அடைத்து, பெயரையே விழுங்கிய சமாதிகள் பல.

படையலுக்குப் பிறகு விட்டுப்போகும் மண் சட்டி, தேங்காய் ஓடு, பூ ஜாடி, பிளாஸ்டிக் கிண்ணம் இவற்றில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை புழுவாகிக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பருவமழையும் தீபாவளியும் ஒன்றாக வருவதால், பண்டிகைக்கு மறு வாரம் ஒரு சுற்று வந்து சட்டிகளைக் கவிழ்ப்பது பண்டிகைக்கு முன் புல் வெட்டுவதைவிட முக்கியமாகவும் இருக்கலாம். ஜாடியில் தண்ணீருக்குப் பதில் ஈர மணல் போட்டாலும் பூ நிற்கும்.

மரண ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களுக்கு இந்த வேலை எதையும் செய்ய முடியவில்லை. காஞ்சனாபுரி போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளுக்குப் பெயரோடு வரிசை வரிசையாகக் கல் உண்டு. தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்குத் தனிக் கல்லறை இல்லை, பேராக்கிலிருந்தும் போனார்கள். பெயர்ப் பட்டியலும் முழுமையாக இல்லை.

உள்ளூர் மேடுகளுக்கு இன்னும் வழி உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைத்தொலைபேசி, மேட்டுக்கு ஓர் எண். படம், இருப்பிடக் குறி, கல்லில் உள்ளது உள்ளபடி, எழுத்துப் பிழையையும் திருத்தாமல். கல் இல்லாத மேட்டுக்கு, இன்னார் என்று சொன்னவரின் பெயரும் சொன்ன தேதியும். குடும்பத்தார் கிடைத்தால் தேசியப் பதிவிலாகாவின் இறப்புப் பத்திரத்தோடு ஒப்பிடலாம். பழைய செக்ரோல் எங்காவது கிடைத்தால் அது புதையல். இதில் எதற்கும் முன்னால் கூட்டிப்போக வேண்டியவர், அந்தத் தோட்டத்தில் பிறந்து இன்று பட்டணத்து அடுக்குமாடியில் இருக்கும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர். எந்த மேடு யாருடையது, எது அம்மை கண்ட குழந்தையுடையது, எது மின்னல் அடித்தவருடையது என்று அவருக்குத்தான் தெரியும். அவரைக் காலை ஏழரைக்கே, வெயில் ஏறுவதற்கு முன், ஒரு நாற்காலியோடு அழைத்துப் போக வேண்டும்.