மின்னழுத்தம், மின்னோட்டம் வழி மின்தடையும் மின்திறனும் காணல்

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்தத்தையும் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தையும் அளந்து, அவற்றிலிருந்து மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது மின்னியலின் அடிப்படைக் கணிப்புகளுள் ஒன்றாகும். மின்னழுத்தம் வோல்ட்டிலும் மின்னோட்டம் ஆம்பியரிலும் அளக்கப்பட்டால், மின்தடை ஓம் என்னும் அலகிலும் மின்திறன் வாட் என்னும் அலகிலும் கிடைக்கும்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால், மின்திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கியதற்குச் சமம் என்றும், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்ததற்குச் சமம் என்றும் பெறலாம்.

வரலாறு

செருமனியின் கோல்ன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் (1789–1854), 1825 இல் வோல்ட்டா மின்கலங்களைக் கொண்டு தம் ஆய்வுகளைத் தொடங்கினார். அக்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இல்லாததால் தொடக்க முடிவுகள் சரியாக அமையவில்லை. பின்னர் போகன்டார்ஃப் கூறிய யோசனைப்படி பிசுமத்தும் செம்பும் இணைந்த வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்தினார். அதன் ஒரு சந்தி கொதிநீரிலும் மறு சந்தி பனிக்கட்டியிலும் வைக்கப்பட்டதால் மாறாத மின்னழுத்தம் கிடைத்தது. இதன்வழி கண்ட விதியை 1827 இல் நூலாக வெளியிட்டார். 1841 இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பம் அதன் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதை ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்தில் நிறுவினார்.

எடுத்துக்காட்டு

230 வோல்ட்டில் இயங்கும் ஒரு நீர் சூடேற்றி 4.35 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். அதன் மின்தடை ஏறத்தாழ 52.9 ஓம், மின்திறன் ஏறத்தாழ 1000 வாட். வழங்கல் 180 வோல்ட்டாகக் குறைந்தால் என்ன ஆகும்? மாணவர் பலர் 1000ஐ 180ஆல் வகுத்து, மின்னோட்டம் 5.56 ஆம்பியராகக் கூடும் என்று விடை எழுதுவர். இது தவறு. ஏறத்தாழ மாறாமல் இருப்பது கம்பிச்சுருளின் மின்தடையே தவிர, பெயர்ப்பலகையில் உள்ள மின்திறன் அன்று. ஆகவே மின்னோட்டம் 3.40 ஆம்பியராகவும் மின்திறன் 612 வாட்டாகவும் குறையும். வெப்ப இழப்பு இல்லை எனக் கொண்டால், 30 பாகை செல்சியசில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 5 நிமிடத்திற்குப் பதிலாக 8 நிமிடம் ஆகும்.

அளவிகளை இணைக்கும் முறை

அம்மீட்டர் தொடராகவும் வோல்ட்மீட்டர் பக்கமாகவும் இணைக்கப்படும். எனினும் வோல்ட்மீட்டரின் முனைகளை எங்கே வைப்பது என்பது முடிவை மாற்றும். அம்மீட்டரின் உள்தடை 0.1 ஓம் எனில், அதையும் சேர்த்து மின்னழுத்தத்தை அளந்தால் 1 ஓம் மின்தடையம் 1.1 ஓம் எனத் தோன்றும். எனவே குறைந்த மின்தடைகளுக்கு வோல்ட்மீட்டரை மின்தடையத்தின் முனைகளிலேயே நேரடியாக இணைக்க வேண்டும். அதிக மின்தடைகளுக்கு இது பொருந்தாது. 10,000 ஓம் மின்தடையத்தின் முனைகளில் அதே அளவு உள்தடையுள்ள பழைய வோல்ட்மீட்டரை இணைத்தால், கணக்கில் 5,000 ஓம் மட்டுமே வரும். ஏனெனில் அம்மீட்டர் வழிப் பாய்வதில் பாதி வோல்ட்மீட்டருக்குள் செல்கிறது.

விதி பொருந்தாத இடங்கள்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் எப்போதும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எல்லா நிலைகளுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. 230 வோல்ட், 60 வாட் டங்ஸ்டன் இழை விளக்கு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். அதே விளக்கை அணைத்துக் குளிர்ந்தபின் மல்டிமீட்டரால் அளந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இத்தகைய விளக்குகள் பெரும்பாலும் பொத்தானை அழுத்தும் நொடியில் பழுதாவதற்கு, அப்போது பாயும் மிகை மின்னோட்டமும் ஒரு காரணமாகும்.

மாறுதிசை மின்னோட்டத்தில், மின்விசிறி போன்ற சுருளுள்ள கருவிகளுக்கு வகுத்தலால் கிடைப்பது மின்மறுப்பு ஆகும். பெருக்குத்தொகையைத் திறன் காரணியால் மேலும் பெருக்கினால்தான் உண்மையான மின்திறன் வரும். 230 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் எடுக்கும் விசிறியின் திறன் காரணி 0.8 எனில், அது செலவிடுவது 115 வாட் அன்று, 92 வாட்.

தளர்ந்த இணைப்பு

இக்கணிப்பு உயிர்காக்கும் இடமும் ஒன்று உண்டு. பிளக்கில் திருகு தளர்ந்து 0.5 ஓம் மின்தடை உண்டாகி, அதன் வழியே 10 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 5 வோல்ட் மட்டுமே. கருவி வழக்கம்போல் இயங்கும். ஆனால் அவ்விடத்தில் உண்டாகும் வெப்பம் 50 வாட், அதாவது 25 வாட் பற்றவைப்புக்கோல் இரண்டின் வெப்பம், ஒரு திருகின் அளவுள்ள இடத்தில். மின்னோட்டம் வரம்பை மீறாததால் மின் உருகி உருகாது. சுற்றுமுறிப்பானும் இதை உணராது. மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டிலும் இது எளிதில் புலப்படாது; அளவியின் கம்பிகளுக்கே ஏறத்தாழ அதே அளவு மின்தடை இருக்கக்கூடும். சுமை இயங்கும்போது இணைப்பின் இருபுறமும் உள்ள மின்னழுத்தத்தை அளந்து மின்னோட்டத்தால் வகுப்பதே நம்பகமான வழி. மின்சாரம் பாயும் சுற்றில் செய்யப்படுவதால் இதனைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு, நிறம் மாறிய அல்லது தொட்டால் சுடுகிற பிளக்கே போதிய அடையாளமாகும்.