அரியணைக்கு அடுத்த படி: ஸ்காட்லாந்து ஹாமில்டன் குடியின் வரலாறு

குலமுறை கிளத்தல் தமிழர்க்குப் புதியதன்று. கம்பநாடர் தம் காவியத்தில் அதற்கெனத் தனிப்படலமே வகுத்தார். விசுவாமித்திர முனிவர் சனக மன்னனுக்கு இராமனுடைய முன்னோரை வரிசையாக எடுத்துரைப்பது அப்படலம். இன்றும் மணப்பேச்சுத் தொடங்குமுன் இன்னார் மகன், இன்னார் பேரன் என்று கேட்டறிவது நம் இல்லங்களில் உள்ள வழக்கமே. ஆயின், குலவரலாறு பெருமை பேசுதற்கு மட்டுமே உரியதோ? ஒரு குடியின் வரலாற்றில் ஐயத்திற்கு இடமான ஒரு மணம், ஒரு நாட்டின் போக்கையே மாற்றியதுண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த இரண்டாம் ஆரன் பிரபு ஜேம்ஸ் ஹாமில்டனின் வரலாறு அதற்குச் சான்று. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

குடியின் தோற்றம்

இக்குடியின் முன்னோருள் வால்ட்டர் பிட்ஸ் கில்பர்ட் என்பவர் பெயர் பெற்றவர். 1314இல் பானக்பர்ன் போர் நிகழ்ந்தபோது அவர் ஆங்கிலேயர் சார்பில் பாத்வெல் கோட்டையைக் காத்து நின்றார். போரில் ஸ்காட்லாந்து மன்னர் இராபர்ட் புரூஸ் வெற்றி பெறவே, கோட்டையை அவரிடம் ஒப்புவித்து அவர் பக்கம் சேர்ந்தார். பின்னர் காட்சோ என்னும் நிலப்பகுதி அவருக்கு மானியமாகக் கிடைத்தது. அவர் வழியில் வந்த ஜேம்ஸ் என்பார் 1445இல் ஹாமில்டன் பிரபு என்னும் பட்டம் எய்தினார். காட்சோ என்ற ஊரும் ஹாமில்டன் என்று பெயர் மாறிற்று.

இதுகாறும் இக்குடி நிலமுடைய குடிகளுள் ஒன்று; அவ்வளவே. 1474ஆம் ஆண்டளவில் இந்த ஜேம்ஸ் பிரபு, மன்னர் இரண்டாம் ஜேம்சின் மகளான இளவரசி மேரியை மணந்தார். அம்மணமே ஹாமில்டன்களை அரியணைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தியது. இளவரசிக்கு ஜேம்ஸ் என்ற மகனும் எலிசபெத் என்ற மகளும் பிறந்தனர். நாம் இனிக் கூறப்போகும் பூசல் முழுவதும் இவ்விருவரின் வழிகளுக்கிடையே எழுந்ததே. ஆதலின் இவ்விரு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இருமுறை முறிந்த மணம்

மகன் ஜேம்ஸ் 1503இல் முதலாம் ஆரன் பிரபு ஆனார். அவர் முன்னரே ஹியூம் பிரபுவின் மகளாகிய எலிசபெத் ஹியூம் என்னும் அம்மையாரை மணந்திருந்தார். அவ்வம்மையாருக்கு அதற்கு முன் தாமஸ் ஹே என்பவர் கணவராக இருந்தார். அயல்நாடு சென்ற அவர் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டது. பின்னர், இரண்டாம் மணம் நிகழ்ந்த காலத்தில் அவர் உயிரோடிருந்தார் என்று வழக்கு எழுந்தது. முதற்கணவர் இருக்க நடந்த மணம் செல்லாது என்று 1504இல் திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே 1510இல் மீண்டும் ஒருமுறை வழங்கப்பட்டது. 1516இல் ஆரன் பிரபு ஜேனட் பீட்டன் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஏறத்தாழ 1519இல் பிறந்த மகனே நம் கட்டுரையின் தலைவராகிய இரண்டாம் ஆரன் பிரபு.

இங்கேதான் ஐயம் பிறந்தது. முதல் தீர்ப்பு உறுதியானதாயின், அதனை மறுமுறை வழங்குவானேன்? தீர்ப்புப் பிழையென்றால், எலிசபெத் அம்மையார் உயிரோடிருக்க நடந்த 1516ஆம் ஆண்டு மணமன்றோ செல்லாததாகும்? அவ்வாறாயின் ஜேனட்டின் மக்கள் முறைப்படி பிறந்தவர் ஆகார். பட்டத்திற்கும் அரியணைக்கும் உரிமை கொண்டாட இயலாது.

அந்நிலை ஏற்பட்டால் உரிமை யாருக்குச் செல்லும்? நம் வழக்கில் அத்தை வழியினர் பங்காளிகள் ஆகார். ஸ்காட்லாந்திலோ ஆண்வழி அற்றுப்போனால் பெண்வழிக்கும் உரிமை உண்டு. இளவரசியின் மகள் எலிசபெத் லெனாக்ஸ் பிரபுவை மணந்திருந்தார். அவருடைய பேரனாகிய நான்காம் லெனாக்ஸ் பிரபு மாத்யு ஸ்டுவர்ட், ஆரனுக்கு அத்தையின் பேரன். ஆரனின் பிறப்பு முறையற்றது என்று நிலைநாட்டப்பட்டால், அடுத்த உரிமை மாத்யுவுக்கே. மேலும் 1526இல் மாத்யுவின் தந்தை போரில் பிடிபட்டபோது, ஆரனின் தந்தைக்கு முறையற்ற வழியில் பிறந்த மகன் ஒருவரே அவரைக் கொன்றார். உரிமைப் போட்டியோடு பழிக்குப் பழியும் சேர்ந்துகொண்டது.

அச்சம் ஆண்ட ஆட்சி

1542 டிசம்பர் 14ஆம் நாள் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தார். அவருடைய ஒரே வாரிசான மேரி பிறந்து ஆறு நாள்களே ஆகியிருந்தன. அக்குழந்தைக்கு அடுத்த உரிமையாளர் என்ற முறையில், 1543 தொடக்கத்தில் ஆரன் நாட்டின் காப்பாளராக ஆட்சிப் பொறுப்பேற்றார். இடையே நின்றது தொட்டிற் குழந்தை ஒன்றே.

தொடக்கத்தில் அவர் இங்கிலாந்தின் பக்கமும் சமயச் சீர்திருத்தத்தின் பக்கமும் சாய்ந்தார். மக்கள் தம் தாய்மொழியிலேயே விவிலியம் படிக்கலாம் என்று அவ்வாண்டு மார்ச்சில் பாராளுமன்றம் இசைந்தது. ஜூலையில் கிரீனிச் உடன்படிக்கைகள் உருவாயின. குழந்தை அரசியை ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றியின் மகன் எட்வர்டுக்கு மணம் செய்துகொடுப்பது என்று அவற்றால் முடிவாயிற்று.

ஆயின், செப்டம்பரில் ஆரன் திடீரென்று மனம் மாறினார். தம் எதிரியாக இருந்த கார்டினல் டேவிட் பீட்டனோடு உடன்பாடு செய்துகொண்டு, ஸ்டர்லிங் நகரில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு மீண்டார். காரணங்கள் பலவாயினும், தலையாயது அவருடைய பிறப்புப் பற்றிய அச்சமே என்பர் வரலாற்றாசிரியர் பலர். தந்தையின் மணத்தை முறித்தது திருச்சபை. அத்தீர்ப்பை மாற்ற வல்லதும் அதுவே. பிரான்சிலிருந்து லெனாக்ஸ் பிரபுவும் அவ்வாண்டு திரும்பிவந்து, வாய்ப்பை எதிர்நோக்கியிருந்தார்.

டிசம்பரில் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கிரீனிச் உடன்படிக்கைகளைத் தள்ளிவிட்டது. சினங்கொண்ட ஹென்றி 1544 மே மாதத்தில் படையை ஏவி எடின்பரோ நகரைக் கொளுத்தச் செய்தார். 1547 செப்டம்பர் 10ஆம் நாள் பிங்கிப் போரில் ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்தியர் மாண்டனர். தீர்ப்பேட்டின் ஓர் ஐயத்திற்கு விலை கொடுத்தவர்கள், அவ்வேட்டைக் கண்ணாலும் கண்டிராத எளிய மக்கள்!

குழந்தை அரசி 1548இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு இசைந்த ஆரனுக்குப் பிரெஞ்சு மன்னர் 1549இல் ஷாட்டல்ரோ கோமகன் என்ற பட்டத்தை அளித்தார். 1554இல் அரசியின் தாயாரிடம் ஆட்சியை ஒப்படைத்து அவர் விலகினார். அவருடைய மூத்த மகனுக்கு இங்கிலாந்து அரசி எலிசபெத்தை மணமுடிக்க 1560இல் செய்த முயற்சியும் கைகூடவில்லை. அம்மகன் 1562இல் சித்தம் கலங்கி, 1609இல் இறக்கும்வரை தெளிவு பெறவில்லை.

இரு வழிகளின் முடிவு

லெனாக்ஸ் வழியோ வேறு வாயிலாக அரியணை ஏறிற்று. 1544இல் மாத்யு இங்கிலாந்து சென்று, எட்டாம் ஹென்றியின் தமக்கை மகளான மார்கரெட் டக்ளசை மணந்தார். அவர்களுடைய மகன் டார்ன்லி பிரபு 1565இல் அரசி மேரியின் கணவரானார். அவர்கள் மகன் ஆறாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்தின் முடியையும் சூடினார். அரியணைக்கு அடுத்த படியில் வாழ்நாளெல்லாம் நின்ற ஆரனோ, அதில் ஏறாமலே 1575 ஜனவரி 22ஆம் நாள் மறைந்தார்.

எனினும் ஹாமில்டன் குடி அழியவில்லை. ஆரனின் மற்றொரு மகன் ஜான் 1599இல் மார்க்விஸ் பட்டம் பெற்றார். ஜானின் பேரன் 1643இல் ஹாமில்டன் கோமகன் ஆகி, மன்னர் முதலாம் சார்லசுக்காகப் போரிட்டு, 1649இல் தலை வெட்டுண்டார். அடுத்துப் பட்டம் ஏற்ற தம்பியும் 1651இல் உஸ்ட்டர் போரில் பட்ட காயத்தால் மாண்டார். அப்போது குடியைக் காத்தவர், 1649இல் வெட்டுண்ட கோமகனின் மகள் ஆன் என்னும் அம்மையாரே. அவர் வில்லியம் டக்ளசை மணந்து, கைவிட்டுப்போன நிலங்களை மீட்டு, 1716 வரை வாழ்ந்தார். பின்வந்த ஹாமில்டன் கோமகன்கள் அவர் வழியினரே.

இவ்வரலாற்றை நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. இக்குடிக்கு உயர்வு தந்தவர் மேரி என்னும் பெண். அது முறிந்துபோகாமல் காத்தவர் ஆன் என்னும் பெண். அதன் உரிமையை ஐயத்திற்கு உள்ளாக்கியதோ, எலிசபெத் ஹியூம் என்னும் பெண்ணின் மணத்தைப் பற்றி ஆடவர் எழுதிய தீர்ப்பு. குலவரலாறு எழுதுவோர் தந்தை பெயரையே அடுக்கிச் செல்வர். அதன் கணுக்கள்தோறும் நிற்பவர்களோ தாய்மாராவர்.

பணிப்பதிவேட்டில் ஒரு பிறந்த தேதி தவறினால் ஒருவருடைய ஓய்வுக்காலமே மாறிவிடும் என்பதை இரயில்வே அலுவலர்களாகிய நாம் நன்கறிவோம். அரியணைகள் நமக்கு இல்லை. எனினும் நம் மக்கள் யார் வழி வந்தவர் என்று அறிய உரியவர். சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, ஊரில் கேட்டறியப் பெரியோர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர். ஆதலின் இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்வோர், பாட்டனார் பெயரோடு பாட்டியார் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், மணம் நிகழ்ந்த ஆண்டையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவார்களாக. அக்குறிப்பேடு பெருமைக்காக அன்று, உண்மைக்காக என்பதே நம் கருத்து.