பொருத்தக் குறை (எந்திரப் பாகங்கள்)

ஒன்றோடொன்று சேர வேண்டிய இரு எந்திரப் பாகங்கள் அளவுக்கு மீறி இறுகுவதும், தளர்ந்து ஆடுவதும், கோணலாக உட்காருவதும் பொருத்தக் குறை எனப்படும். அம்பத்தூர், பாடி, ஆவடி, திருமழிசைப் பட்டறைகளில் இதை "டைட்டா இருக்கு", "ப்ளே இருக்கு", "சீட் ஆகல" என்று சொல்வார்கள். இந்தக் குறை வராமல் பார்த்துக்கொள்வதே சென்னையின் மேற்குப் புறநகரில் ஆயிரக்கணக்கான டர்னர்களுக்கும் ஃபிட்டர்களுக்கும் அன்றாட வேலை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. அதற்குச் சற்று முன், 1964-இல், அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியிருந்தது. பாடியில் வாகன உதிரிபாக ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுள் ஒன்றான சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. ஒரு பட்டறையில் கடைந்த ஷாஃப்ட், அதைப் பார்த்தேயிராத இன்னொரு பட்டறையின் ஹவுசிங்கில் அரம் படாமல் உட்கார்ந்தால்தான் இத்தனை தொழிலும் நடக்கும்.

பாகங்கள் இப்படி ஒன்றுக்கொன்று மாற்றாகச் சேரும் ஒழுங்கு உலகில் முதலில் துப்பாக்கித் தொழிலில்தான் வேரூன்றியது. அதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் கொல்லர் அரத்தால் இழைத்து, அந்தத் துப்பாக்கிக்கென்றே சேர்ப்பார். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது. 1785-இல் பாரிசில் ஒனோரே பிளாங்க் என்ற கைவினைஞர் ஐம்பது துப்பாக்கி விசைகளின் பாகங்களைத் தனித்தனியே பிரித்து வைத்திருந்தார். அப்போது அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சன், கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தாமே சில விசைகளைப் பூட்டிப் பார்த்து வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். 1820-களில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி படைக்கலச் சாலையில் ஜான் ஹால், அளவுமானிகளை அடிப்படையாக வைத்து இம்முறையை ரைபிள் உற்பத்தியில் நிலைநிறுத்தினார். பின்னாளில் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு 4-ஆம் எண் ரைபிளில் போல்ட்டின் தலை 0 முதல் 3 வரை எண்ணிட்ட வெவ்வேறு நீளங்களில் கிடைத்தது. போல்ட் தலைக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி சரியில்லையென்றால் எதையும் தேய்க்காமல் எண்ணை மாற்றிப் போட்டால் போதும்.

அமெரிக்காவில் ரைபிளை வீட்டில் பூட்டிச் சேர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. இந்தியாவில் அது குற்றம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி செய்வதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை ஏழாண்டுச் சிறையில் தொடங்கி ஆயுள் வரை செல்லும். தமிழ்நாட்டில் ரைபிள் உற்பத்தி 1966-இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையின் வேலை. அம்பத்தூரில் ஒருவர் முதன்முதலாகத் தானே பூட்டிப் பார்ப்பது ஒரு பம்பாகவோ கியர் பெட்டியாகவோ இருக்கும். ஆனால் அவர் சந்திக்கும் சிக்கல் அதே சிக்கல்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. 6205 எண் பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அதில் அனுமதிக்கப்பட்ட குறைவு 10 மைக்ரான் வரை. அதைத் தாங்கும் ஷாஃப்டுக்கு கே6 பொருத்தம் கேட்டிருந்தால், ஷாஃப்ட் 25.002 முதல் 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதாவது 2 முதல் 25 மைக்ரான் வரை இறுக்கம் இருக்கவேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் எண்ணம். கையால் தள்ளி ஏறவில்லை என்பதற்காக ஷாஃப்டில் எமரி பிடிப்பவர் குறையே இல்லாத பாகத்தைக் கெடுக்கிறார். ஆகவே முதல் கேள்வி, இது இறுகித்தான் இருக்க வேண்டுமா என்பது. விடை வரைபடத்தில் இருக்கிறது.

இறுக்கம் மிகை என்று உறுதியானாலும், பழி எந்தப் பாகத்தின் மேல் என்று தெரியும் வரை எதையும் தேய்க்கக் கூடாது. மிக எளிய காரணங்களே மிகுதி. சாவித்தடத்தின் ஓரத்தில் பிசிறு, துளைக்குள் ஒட்டிய சீவல், கணக்கில் சேர்க்காத முலாம். 8 மைக்ரான் துத்தநாக முலாம் விட்டத்தில் 16 மைக்ரானைக் கூட்டிவிடும். பேரிங் முழுதும் ஏறியும் தோளில் உட்காரவில்லையென்றால் மூலை வளைவைப் பார்க்க வேண்டும். 6205-இன் விளிம்பு மழிப்பு குறைந்தது 1 மி.மீ. ஷாஃப்டின் மூலை வளைவு அதைவிடப் பெரிதானால், பேரிங் வளைவின் மேலேயே நின்றுவிடும். ப்ளூ எனும் நீலச் சாயம் தடவிச் சேர்த்துக் கழற்றினால், நீலம் ஒட்டிய இடம் எங்கே முட்டுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மைக்ரோமீட்டரையே ஏமாற்றும் குறையும் உண்டு. மூன்று தாடைச் சக்கில் மெல்லிய வளையத்தை இறுக்கிக் கடைந்தால், தாடையை விட்டதும் அது மூன்று புடைப்புள்ள வடிவத்துக்கு மாறிவிடும். எதிரெதிர்ப் புள்ளிகளில் அளந்தால் எங்கும் ஏறத்தாழ ஒரே விட்டம் வரும். வளைய அளவுமானிக்குள் மட்டும் போகாது. வி-பிளாக்கில் வைத்து டயல் காட்டிச் சுற்றினால்தான் அது பிடிபடும். சூடும் அப்படித்தான். லேத்திலிருந்து எடுத்த கையோடு, மானியைவிட 30 பாகை கூடுதல் சூட்டில் அளந்தால், 25 மி.மீ. எஃகு சுமார் 9 மைக்ரான் பெரிதாகத் தெரியும். கே6 தரும் மொத்த இடமே 13 மைக்ரான். மாலையில் சரியென்று வைத்த ஷாஃப்ட் மறுநாள் காலை தளர்ந்து கிடப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அளவீட்டுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை. சென்னைப் பட்டறையில் அது வாய்க்காது என்பதால், பாகமும் மானியும் ஒரே மேசையில் சில மணி நேரம் சேர்ந்து கிடந்தபின் அளப்பதே வழி.

தீர்வுகளில் நல்லதும் கெட்டதும் தெளிவாகவே பிரிகின்றன. பேரிங்கைச் சம்மட்டியால் வெளிவளையத்தில் அடித்து ஏற்றினால், விசை குண்டுகளின் வழியே போய் ஓடுபாதையில் குழி விழும். சில மாதங்களில் இரைச்சல் வரும். ஷாஃப்டைவிடச் சுமார் 80 பாகை கூடுதலாகச் சூடேற்றினால் அது எளிதாக ஏறும். தளர்ந்த ஷாஃப்டில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி டைட் பண்ணுவது பேட்டை முழுதும் பார்க்கக் கிடைக்கும் வழக்கம். குத்திய புள்ளிகள் மட்டுமே சுமையைத் தாங்கி விரைவில் மழுங்கிவிடுவதால் அது பழுதைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை. உலோகம் தெளித்தோ வெல்டு நிரப்பியோ மறுபடி கடைவதும், ஸ்லீவ் போடுவதும், சிறிய இடைவெளியானால் அதற்கான ஒட்டுப்பசை பூசுவதும் முறையான வழிகள்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர் செய்யும் பயிற்சிகளில் ஒன்று, இரண்டு தகடுகளை அரத்தால் இழைத்து ஒன்றுக்குள் ஒன்று 0.04 மி.மீ. துல்லியத்தில் சேர்ப்பது. கையால் எவ்வளவு எடுத்தோம் என்பதை உணரும் பயிற்சி அது. ஆனால் ஒரு தகட்டை மற்றதற்கேற்பத் தேய்க்கும் அந்தப் பழக்கத்தை உற்பத்திப் பாகத்தின் மேல் காட்டினால், நாளை மாற்றுப் பாகம் வாங்கி வரும்போது அது சேராது. முதல்முறை பூட்டுபவர்கள் அரத்தை எடுக்கும் முன் இரு பாகங்களையும் வரைபடத்தோடு சேர்த்து அளக்கட்டும். மானியின் மேலேயே ஐயம் வந்தால், கிண்டியிலுள்ள மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சோதனை மையத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.