ஃபயர்வால் போடப் போய் பூட்டைக் கழற்றிய கதை... உங்கள் கம்ப்யூட்டரிலும் 'டெஸ்ட் மோட்' தெரிகிறதா?

வில்லியனூர் கடைத்தெருவிலோ, பாகூர் பக்கமோ ஏதாவது ஓர் ஆன்லைன் சேவைக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு பிரின்டர், விரல் வைக்கும் ரேகை மெஷின். அவ்வளவுதான் கடை. ஆனால் ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் சென்டாக் விண்ணப்பம் என ஊர்க்காரர்களின் பாதி வாழ்க்கை அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகிறது.

அடுத்த முறை போகும்போது, ஸ்க்ரீனின் கீழே வலது மூலையைக் கொஞ்சம் கவனியுங்கள். 'டெஸ்ட் மோட்' என்று சின்ன எழுத்தில் இருந்தால், விரலை வைப்பதற்கு முன், "அண்ணே, இது எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் ஒரு கடையில் கேட்டேன். "அதுவா தம்பி... ஐ.பி பிளாக் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டோம். டிரைவர்ல சைன் இல்லன்னு விண்டோஸ் அடம்பிடிச்சுது. அதான் செக்கிங்கையே ஆஃப் பண்ணிட்டோம்" என்றார் கூலாக. பாதுகாப்புக்காகத்தான் செய்திருக்கிறார். பாதுகாப்புதான் போய்விட்டது!

எப்படி என்று பார்ப்போம். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் மாதிரி ஒரு ஐ.பி முகவரி உண்டு. ஐ.பி பிளாக்கர் சாஃப்ட்வேர், கையில் ஒரு பட்டியலுடன் வாசலில் நிற்கும் வாட்ச்மேன். பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து எது வந்தாலும், அங்கே எது போனாலும் தடுத்துவிடும். டொரன்ட் காலத்தில் இந்த வகையில் பிரபலமானது 'பீர்கார்டியன்'. அது ஓய்ந்த பிறகு, அதிலிருந்தே 2009-ல் 'பீர்பிளாக்' பிறந்தது. 2014-க்குப் பிறகு அதிலும் பெரிதாக வேலை நடக்கவில்லை. ஆனாலும் பென்டிரைவ் வழியாக இன்றைக்கும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வாட்ச்மேன் வேலை செய்ய வேண்டுமானால், விண்டோஸின் அடிமடியான 'கர்னல்' பகுதிக்குள் ஒரு டிரைவர் உட்கார வேண்டும். (டிரைவர் என்றதும் நம்மூர் டெம்போ டிரைவரை நினைக்காதீர்கள். இது ஒரு குட்டி புரோகிராம்.) கர்னலுக்குள் போனவருக்கு வீட்டின் எல்லா அறைச் சாவியும் கையில். என்ன டைப் செய்கிறீர்கள், எந்த ஃபைலைத் திறக்கிறீர்கள் என எதையும் பார்க்கலாம். ஆன்டிவைரஸையே தூங்க வைக்கலாம். அதனால்தான் 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பிலிருந்து, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கர்னல் டிரைவரை உள்ளே விடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. பீர்கார்டியன் அங்கேதான் முட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதும் எஃப்8 அழுத்தி, செக்கிங்கை நிறுத்த வேண்டியிருந்தது. 2016-ல் விண்டோஸ் 10-ல் விதி இன்னும் இறுகியது. புதிய டிரைவர் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பமே வேண்டும்.

கையொப்பம் என்பது கேஸ் சிலிண்டர் சீல் மாதிரி. யாரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் கை வைக்கவில்லை என்ற இரண்டை மட்டும்தான் அது சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா, கெட்டதா என்று சொல்லாது. 2010-ல் பிடிபட்ட 'ஸ்டக்ஸ்நெட்' வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடிய கையொப்பங்களோடுதான் அதன் டிரைவர்கள் உள்ளே நுழைந்தன. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா என்று சைமன்டெக் கணக்கு சொன்னது. சீல் இருந்தே இந்தக் கதி. சீலே வேண்டாம் என்றால்?

'டெஸ்ட் மோட்' கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. டிரைவர் எழுதுபவர்கள் சோதனை பார்ப்பதற்காக வைத்த வசதி அது. யார் வேண்டுமானாலும் தானே தயாரித்துக்கொண்ட சீலும் அங்கே செல்லும். உங்கள் ஃபயர்வாலுக்காகத் திறந்த கதவு, அதற்கு மட்டும் திறப்பதில்லை. எஃப்7 அழுத்தி செக்கிங்கை நிறுத்தும் வழி, ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிடும். டெஸ்ட் மோட் அப்படி இல்லை. நாமாக ஆஃப் செய்கிறவரை இருக்கும்.

சரி, இவ்வளவு ரிஸ்க் எடுத்தாவது இந்த பிளாக்கர் தேவையா? என்னைக் கேட்டால், தேவையே இல்லை. மொபைல் நெட்டில் ஒரே ஐ.பி எண்ணுக்குப் பின்னால் பல பேர் இருக்கிறார்கள். தெருவுக்கே ஒரு கதவு எண் மாதிரி. ஒரே எண்ணில் பல வெப்சைட்டுகளும் குடியிருக்கும். 2024 பிப்ரவரியில் இத்தாலியில் கால்பந்துத் திருட்டு ஒளிபரப்பைத் தடுக்கிறேன் என்று கிளவுட்ஃபிளேரின் ஓர் எண்ணை அடைக்க, சம்பந்தமே இல்லாத வெப்சைட்டுகளும் சேர்ந்து படுத்தன. யாரோ போட்ட பழைய பட்டியலை ஏற்றிவிட்டு, "போர்ட்டல் திறக்கலையே, நெட் போயிடுச்சா?" என்று கேபிள்காரரிடம் சண்டை போடுவது இப்படித்தான். பட்டியலில் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்களும் சேர்ந்துவிட்டால், பக்கத்து மேஜை பிரின்டர்கூட பேசாது.

குறிப்பிட்ட சில எண்களைத் தடுத்தே ஆக வேண்டுமா? விண்டோஸிலேயே இருக்கும் ஃபயர்வால் போதும். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் டிஃபென்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' என்று தேடுங்கள். அதில் 'அவுட்பவுண்ட் ரூல்ஸ்' போய், 'நியூ ரூல்', 'கஸ்டம்' எடுத்து, 'ஸ்கோப்' பக்கத்தில் ரிமோட் ஐ.பி எண்ணைக் கொடுத்து, கடைசியில் 'பிளாக்' தேர்ந்தெடுங்கள். 'இன்பவுண்ட்' பக்கமும் இதே மாதிரி ஒன்று. வெளி டிரைவர் எதுவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான எண்களுக்கு இது சரிப்படாது என்பது உண்மைதான். ஆனால், கடைக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பெரிய பட்டியல் எதற்கு?

ஏற்கெனவே டெஸ்ட் மோடில் இருக்கிறதா? முதலில் அந்த பிளாக்கரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'பிசிடிஎடிட்' கட்டளையில் 'டெஸ்ட்சைனிங்' என்பதை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மூலையில் இருந்த எழுத்து போயிருக்க வேண்டும். 'சிக்வெரிஃப்' என்று டைப் செய்தால் வரும் விண்டோஸ் டூல், கையொப்பம் இல்லாத டிரைவர் வேறு ஏதாவது மிச்சம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

ஒரு குழப்பம் மட்டும் பாக்கி. ஒழுங்காக வாங்கிய ரேகை மெஷினுக்கே சில சமயம் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 52' என்ற எண்ணும் வரும். கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று அர்த்தம். பதறாதீர்கள், டெஸ்ட் மோடுக்கும் ஓடாதீர்கள். மெஷினைத் தயாரித்த கம்பெனியின் வெப்சைட்டில் இருந்தே புதிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் என்றால் குறை பெரும்பாலும் டிரைவரில் இருக்காது. ஷா-2 என்ற புதுவகைக் கையொப்பத்தை விண்டோஸ் 7 புரிந்துகொள்ள 2015 மார்ச்சில் ஓர் அப்டேட் வந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டருக்கு, நல்ல சீலும் போலி சீலாகத்தான் தெரியும். அந்த அப்டேட்டைப் போட்டால் மெஷின் ஓடும். ஆனால், விண்டோஸ் 7-க்கான சப்போர்ட் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் விரல் வைக்கிற கம்ப்யூட்டர் என்றால், அடுத்த செலவை அங்கே செய்யுங்கள்.