பெயர் நமக்கு, எண் சர்வருக்கு

சர்வர் நம்மைப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். தவறு! யூனிக்ஸைப் பொறுத்தவரை நாம் ஒவ்வொருவரும் ஓர் எண். நம் ஃபைல்களிலும் அந்த எண்தான் பதிவாகும், பெயர் அல்ல.

1975-ல் பெல் லேப்ஸ் வெளியிட்ட ஆறாம் பதிப்பில் இந்த எண்ணுக்கு ஒரே ஒரு பைட் இடம். ஆக மொத்தமே 256 எண்கள். அதிலும் 0 'ரூட்' எனும் நிர்வாகிக்குப் போய்விடும். 1979-ல் ஏழாம் பதிப்பு இரண்டு பைட் தந்தது: 65,536. லினக்ஸ் 2.4 (2001) வந்தபோது 400 கோடியைத் தாண்டியாயிற்று.

சரி, புதிதாகச் சேர்பவருக்கு எந்த எண்? லினக்ஸின் 'யூசர்ஆட்' கட்டளை, சாதாரணப் பயனர்களின் வரிசையில் இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டும். கடைசி ஆள் 1003 என்றால் அடுத்தவர் 1004.

இங்கேதான் வில்லங்கம். அந்த 1004-ஐ நீக்கிவிட்டு, அவருடைய ஃபைல்களை அழிக்க மறந்துவிட்டால்? அடுத்து வருபவருக்கும் அதே 1004! முன்னவரின் கடிதங்கள் எல்லாம் இவர் சொத்தாகிவிடும். பி.காம் மாணவனான எனக்கு, ஒருவருடைய பேரேட்டுப் பக்கத்தில் தலைப்பை மட்டும் அடித்து இன்னொருவர் பெயரை எழுதிய மாதிரி இருக்கிறது :-)

விவரம் தெரிந்த நிர்வாகிகள் பலர் கணக்கை நீக்காமல் பூட்டி மட்டும் வைப்பது இதனால்தான்.