வெள்ளி டாலரின் மறுபிறவி

என்னிடம் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று இருக்கிறது. 1884-ஆம் வருஷத்தது. சில காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், "உமக்குத்தான் பழைய சாமான் என்றால் உயிராயிற்றே!" என்று சொல்லிக் கொடுத்தது. கைக்கு வந்தபோது விளிம்பெல்லாம் நீலம் ஓடி, நடுவில் மங்கிய பழுப்பாக இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அதைப் பார்த்தாள். வெள்ளி இப்படிக் கறுத்துக் கிடந்தால் வீட்டுக்கு ஆகுமா? மறுநாள் காலையில் விபூதி போட்டு அழுத்தித் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று என் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வந்த நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாதி விலை போயிற்று ஐயா!" என்றார்.

தேய்த்தால் விலை குறையும் என்கிற சாஸ்திரம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாணயம் சேர்ப்பவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, அதிலுள்ள பெண்ணின் கன்னத்தையும் காதுக்கு மேலுள்ள கூந்தலையும், பின்புறத்துக் கழுகின் மார்பையும் ஆராய்கிறார்கள். முதலில் தேய்வது அந்த மேடுகள்தான். ஒன்று முதல் எழுபது வரை மார்க்குப் போடுகிறார்கள். காலம் ஏற்றிய நிறம் இருக்கலாம். துலக்கிய கீறல் மட்டும் இருக்கக் கூடாது. அந்தப் பெண் யாரென்றால், பிலடெல்பியாவில் பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்த அன்னா வில்லியம்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் மார்கன் என்ற சிற்பி அவள் முகத்தைப் பார்த்து அச்சு வெட்டினார். அதனால் 'மார்கன் டாலர்' என்று பெயர்.

இந்த டாலரை அடிக்கச் சொல்லி ஜனங்கள் யாரும் தவம் கிடக்கவில்லை. நெவாடாவில் 1859-ல் பெரிய வெள்ளிச் சுரங்கம் அகப்பட்டது. வெள்ளி குவிந்தது, விலை விழுந்தது. சுரங்கக்காரர்களும், கையில் பணப் புழக்கம் வேண்டுமென்று தவித்த கடன்கார விவசாயிகளும் சேர்ந்து கூக்குரலிட்டார்கள். மாதந்தோறும் 20 லட்சம் டாலருக்குக் குறையாமல் சர்க்கார் வெள்ளி வாங்கி நாணயம் அடிக்க வேண்டும் என்று 1878-ல் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஹேய்ஸ் மறுத்தார்; காங்கிரஸ் அன்றைக்கே அவர் மறுப்பைத் தள்ளிவிட்டது. ஆனால் இரண்டேகால் தோலா எடையுள்ள காசை யார் மடியில் கட்டிக்கொண்டு அலைவார்கள்? காகித நோட்டுத்தான் கைமாறிற்று. வெள்ளி, ஆயிரம் ஆயிரமாகக் கோணியில் கட்டப்பட்டு நிலவறையில் தூங்கிற்று. 1904 வரை 57 கோடி டாலர் அடித்தார்கள்.

இனி நம் வீட்டுக் கதை. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய சரக்குக்கெல்லாம் இங்கே ரூபாயில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. நோட்டை நீட்டினால் வெள்ளி ரூபாய் தருவதாகச் சர்க்கார் எழுதிக் கொடுத்திருந்தது. யுத்தம் நீள நீள, நம் ஜனங்களுக்குக் காகிதத்தில் நம்பிக்கை போயிற்று. வந்த ரூபாயைப் பானையிலும் பரண்மேலும் பத்திரப்படுத்தினார்கள். 1918 தொடக்கத்தில் கஜானாவில் வெள்ளி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நோட்டுக்கு வெள்ளி இல்லை என்று ஒரு நாள் சொல்ல நேர்ந்தால், துரைத்தனத்தின் வாக்குக்கு என்ன மதிப்பு? அப்போது வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் ரீடிங் பிரபு. பிறகு 1921-ல் நமக்கு வைசிராயாக வந்தாரே, அவரேதான்.

அந்த ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறிற்று. நெவாடா செனட்டர் பிட்மன் கெட்டிக்காரர். உருக்குகிற வெள்ளிக்கு ஈடாக, உள்நாட்டுச் சுரங்கங்களிலிருந்து அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் சர்க்கார் திரும்ப வாங்க வேண்டும் என்று அதிலேயே சேர்த்துவிட்டார். நட்புக்கு நட்பு, வியாபாரத்துக்கு வியாபாரம்! மொத்தம் 27,02,32,722 டாலர்கள் உலையில் போயின. அதில் ஏறக்குறைய 26 கோடி இந்தியாவுக்காக. ஒரு டாலரின் வெள்ளியில் நம் ரூபாய் இரண்டேகால் அடிக்கலாம். கணக்குப் போட்டால் 58 கோடி ரூபாய்க்குக் காணும். டாலர்கள் பாளங்களாகக் கப்பலேறி வந்து, ஐந்தாம் ஜார்ஜின் தலையோடு மறுபிறவி எடுத்தன.

சேகரிப்பவர்களின் வயிற்றெரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த வருஷத்துக் காசு, எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று பார்த்து உருக்கவில்லை. கோணி கோணியாகக் கொட்டினார்கள். ஆகையால் எத்தனை அடித்தார்கள் என்பது ஏட்டில் இருக்கிறது. எத்தனை பிழைத்தன என்பது எந்த ஏட்டிலும் இல்லை. 1893-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒரு லட்சம்தான் அடித்தார்கள்; அது அபூர்வம் என்பதில் வியப்பில்லை. ஆனால் 1903-ல் நியூ ஆர்லியன்ஸில் அடித்தது நாற்பத்துநாலரை லட்சம். அதைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்தது. எல்லாம் உலையில் போயிற்று என்றே முடிவு கட்டி, புத்தம் புதிதாக ஒன்று அகப்பட்டால் 1,500 டாலர் என்று விலைப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். 1962-ன் கடைசியில் ஒரு நிலவறையைத் திறந்தார்கள்; அந்தக் காசு கோணி கோணியாக வெளியே வந்தது! விலை சில வாரங்களில் சொற்ப டாலருக்கு இறங்கிவிட்டது. வீட்டை அடகு வைத்து அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவன் யாராவது இருந்திருந்தால், அவன் கதையை நான் எழுதியிருப்பேன்.

பாட்டியின் சுருக்குப் பையில் இருந்த 1918-ஆம் வருஷத்து ரூபாய் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. நாணயக் கடைக்காரரிடம் காட்டினேன். "இது மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது சார், வெள்ளி விலைக்குக் கொஞ்சம் கூடப் போகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் எவனோ ஆயுள் முழுவதும் தேடுகிற டாலர் ஒன்று இதற்குள் கரைந்து கிடக்கலாம் என்று அவரிடம் சொல்லவில்லை.

அப்படியே என் டாலரையும் காட்டினேன். பின்புறம் மாலைக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஓ' இருந்தது, நியூ ஆர்லியன்ஸ். அந்த வருஷம் அங்கே 97 லட்சம் அடித்திருக்கிறார்கள். உலைக்குத் தப்பியதும் ஏராளம். ஆக, அத்தை தேய்த்ததில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நண்பருக்கு இதைக் கடிதத்தில் எழுதிவிட்டேன். அத்தையிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் ரூபாய்க்கும் விபூதி வந்துவிடும்.